நாற்பத்தோராவது கேள்வி

சின்னவள் கேள்வி கேட்க உட்கார்ந்தால் பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள். வீட்டில்தான் அவள் சின்னவள். வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, காவலாளி முதல் தலைமை டாக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். சினைப்பையில் புற்றுநோய் வந்த பெண்கள், அதே வயதில் வராத பெண்கள் என்று இரண்டு தரப்பையும் தேடிப் போய், அறுபத்தெட்டுக் கேள்வி கேட்டு, பதிலைப் படிவத்தில் எழுதி, கடைசியில் சின்னக் குழாயில் ரத்தம் வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதுதான் வேலை.

எத்தனை பிள்ளை, எத்தனை கலைந்தது, மாதவிலக்கு எப்போது நின்றது என்று எதைக் கேட்டாலும் அவளிடம் சொல்லிவிடுவார்கள். கட்டின புருஷனிடம் சொல்லாததையும் சொல்வார்கள். ஆனால் நாற்பத்தோராவது கேள்வி வந்ததும் முகம் மாறிவிடும். "வாரத்துக்கு எத்தனை கிளாஸ் மது அருந்துவீர்கள்?" கட்டிலைச் சுற்றி மாமியார், நாத்தனார், மகன், மருமகள் எல்லாரும் நிற்கிற நேரத்தில் இதைக் கேட்டால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? வீட்டில் திடமாக இருக்கிறவளாவது சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். மருத்துவமனையில் படுத்திருக்கிறவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அந்தக் கேள்வியில்தான் ஆய்வே இருந்தது. குடித்தது உடம்புக்குள் போனதும் அதை உடைத்துக் கரைக்க வேண்டும். அந்த வேலை சிலர் உடம்பில் ஓட்டமாக நடக்கும், சிலர் உடம்பில் ஆமை வேகத்தில் நடக்கும். அது அவரவர் மரபணுவில் எழுதியிருக்கிறது. குடிப்பவளுக்கு, அதிலும் மெதுவாகக் கரைக்கிற மரபணு உள்ளவளுக்கு, சினைப்பைப் புற்றுநோய் அதிகம் வருகிறதா? ஐந்து வருடம், ஆயிரத்து நூற்று நாற்பது பெண்கள், ஆறு கேள்விக்காரிகள், எல்லாம் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான்.

சின்னவளுக்கு இதன் பதில் சம்பளத்தோடு முடிகிற விஷயம் இல்லை. அவளுடைய அக்காவுக்கு, பெரியவளுக்கு, அதே நோய்.

பெரியவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கைத் தூக்கி லாரிமேல் முட்டை வைப்பது போல வைப்பாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெட்டி நசுங்கியதில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு மூன்று கிளாஸ் பியர். அதை அவள் ஒளித்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை. சின்னவள் ஒரு மடக்குக் குடித்தாலே முகம் தக்காளியாகிவிடும். பெரியவள் மூன்று குடித்தாலும் கணக்குப் பரீட்சை எழுதுவாள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான், உடம்பு மட்டும் வேறு வேறு சட்டத்தில் ஓடியது.

போன வருடம் அறுவை சிகிச்சை ஆனதும் பெரியவள் அம்மா வீட்டுக்கு வந்து படுத்தாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பாட்டு. பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்: "ஆம்பளைங்களோட உக்காந்து குடிச்சா வராம என்ன செய்யும்?" ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே வீட்டு வாயையே மூட முடியவில்லை. மலை போல இருந்த பெரியவள் இதைக் கேட்டுக் கேட்டே கரைந்தாள். புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றுகிற அடுத்த தவணைக்கு நாள் குறித்தார்கள், தள்ளிப் போட்டாள். மறுபடி குறித்தார்கள், மறுபடி தள்ளிப் போட்டாள். இன்னும் ஒரு மாதத்துக்குமேல் தள்ளக் கூடாது என்று மருத்துவமனையில் கண்டித்துச் சொன்னார்கள்.

"நானே தேடிக்கிட்டதுக்கு ஊரே ஏன் அலையணும்?" என்றாள் பெரியவள், மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டே. "உன் ஆராய்ச்சி முடிவு வரட்டும். என்ன வந்தாலும் என்கிட்ட மறைக்காம சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."

முடிவு வந்தது. கூட்ட அறையில் திரை போட்டு, தலைமை டாக்டர் பக்கத்தில் நிற்க, புள்ளிவிவரக்காரர் விளக்கினார். அவருக்கு நிலையத்தில் தசமம் என்று பெயர். டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் சொல்கிற மனுஷன். வாரத்துக்கு ஏழு கிளாஸுக்குமேல் குடிப்பவர்களுக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு, மெதுவான மரபணுவும் சேர்ந்தால் இன்னும் அதிகம் என்றார். அறை முழுக்கக் கைதட்டல். அடுத்த மாதம் பெரிய மாநாட்டில் தலைமை டாக்டர் பேசப் போகிறார், பத்திரிகைகளுக்குச் செய்தி தயாராகிறது என்றார்கள். கேள்விக்காரிகள் ஆறு பேரையும் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார்கள். சின்னவளும் நின்றாள். கை கூப்பினாள்.

பெரியவள் குடித்தது வாரத்துக்கு மூன்று கிளாஸ்தான், ஏழு இல்லை. இருந்தாலும் பத்திரிகையில் வந்துவிட்டால் மூன்றையும் ஏழையும் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? அம்மா அந்தச் செய்தியை வெட்டிச் சுவரில் ஒட்டினாலும் ஒட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். இன்னும் முடியவில்லை என்று சின்னவள் பொய் சொன்னாள். பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் சொன்ன உருப்படியான முதல் பொய் அது.

மறுநாள் மாநாட்டுக்கான பெரிய படத்தாளில் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். ஒரு மூலையில் தசமம் ஒரு பட்டை வரைபடம் போட்டிருந்தார். எத்தனை கிளாஸ், எத்தனை பெண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று படி இறங்குவது போலப் பட்டைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஏழில் முப்பது பேர். எட்டில் பதினாறு பேர். ஒன்பதில் நூற்று நாற்பத்து மூன்று பேர். பத்தில் பதினான்கு. ஒன்பது மட்டும் காலி மைதானத்தில் விளக்குக் கம்பம் போலத் தனியாக நின்றது.

எட்டும் குடிக்காமல், பத்தும் குடிக்காமல், அத்தனை பெண்களும் சொல்லிவைத்த மாதிரி ஒன்பதே குடிப்பார்களா? இதில் என்ன வேடிக்கை என்று சின்னவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆவண அறைக்குப் போய் ஒன்பது கிளாஸ்காரிகளின் படிவங்களை எடுத்தாள். முதலில் வந்தது ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. அவரை நன்றாக நினைவிருந்தது. குடிப்பது பற்றிக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அதை விட்டுட்டு அடுத்ததைக் கேளும்மா" என்றவர். ஒரு கிளாஸ் என்றோ பூஜ்யம் என்றோ வாயே திறக்கவில்லை. ஆனால் கட்டத்தில் ஒன்பது இருந்தது. கையெழுத்து சின்னவளுடையது.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் கேள்விக்கு இரண்டு கட்டம். பதில் சொல்ல மறுத்தால் இரண்டிலும் 9 போட்டு 99 என்று எழுத வேண்டும் என்பது கையேட்டு விதி. 99-ஐக் கண்டால் கணினி அந்தப் பெண்ணை இந்தக் கணக்கிலிருந்து தள்ளி வைத்துவிடும். ஆய்வு ஆரம்பித்த மூன்றாம் மாதம், கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, "தொண்ணூத்தொம்பது கிளாஸா? என்னை அப்படியா எழுதுறீங்க?" என்று அழுதுவிட்டாள். சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டாவது கட்டத்தில் மட்டும் சின்னதாக ஒரு 9 போட்டாள். உண்மையிலேயே ஒன்பது குடிப்பவளுக்கு 09 என்று போடுவோம், மறுத்தவளுக்கு வெறும் 9, நமக்குத் தெரியாதா என்று டீ குடிக்கும்போது மற்ற ஐந்து பேருக்கும் சொல்லிக் கொடுத்தாள். நல்ல யோசனை கேள்வியம்மா என்றார்கள். அவளுக்கும் தன் புத்தியை நினைத்துக் கொஞ்சம் கர்வம் இருந்தது. கணினியில் ஏற்றுகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கணினிக்கு 09-ம் ஒன்பது, 9-ம் ஒன்பது. வாயைத் திறக்காத பெண்களெல்லாம் வாரத்துக்கு ஒன்பது கிளாஸ் குடிக்கிறவர்கள் ஆகிவிட்டார்கள். வாயைத் திறக்காதவர்கள் பெரும்பாலும் யார்? உறவுக்காரர்கள் சூழப் படுத்திருந்த நோயாளிகள். பிறகு குடித்தவளுக்கு நோய் அதிகம் என்று வராமல் வேறு என்ன வரும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

படிவங்களுக்கு நடுவே சின்னவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வழி மூன்று இருந்தது. பேசாமல் இருந்தால் அவள் பெயர் பிழைக்கும், அக்கா குற்றவாளியாகவே இருப்பாள். கணினிக்குள் போகிற கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அந்த ஒன்பதுகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டால் அக்காவும் தப்பிப்பாள், அவளும் தப்பிப்பாள், காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். இந்த இரண்டாவது வழி தேனாக இனித்தது என்பதை மறைப்பானேன்? கை விசைப்பலகை வரைக்கும் போயும் விட்டது. ஆனால் அக்காவுக்காக எண்ணை மாற்றினவள் நாளைக்கு அக்காவிடம் போய், இது உண்மை, நம்பு என்று எந்த முகத்தோடு சொல்வாள்? மிச்சமிருந்தது உள்ளதை உள்ளபடி சொல்கிற மூன்றாவது வழி. கையை எடுத்தாள். ஒரு படிவத்தையும் தொடாமல் அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். யார் ஆரம்பித்தது என்று தலைமை டாக்டர் கேட்டார். "நான்தான் மேடம். மத்தவங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க, அவ்வளவுதான்" என்றாள். தசமம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பட்டையை அவர் முன்பே பார்த்திருந்தார். பார்த்தும், வந்த முடிவு அழகாக இருந்ததால் கேள்வி கேட்காமல் விட்டிருந்தார்.

தலைமை டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்காவுக்கும் இந்த நோய்னு கேள்விப்பட்டேன். அவங்க குடிப்பாங்களா?"

"குடிப்பாங்க மேடம்."

"அப்ப இந்த முடிவு தப்பா இருக்கணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும், இல்லையா?"

"இருக்கு மேடம். ரொம்பவே இருக்கு. அதனாலதான் ஒரு படிவத்தைக்கூட நான் திருத்தல. இந்தாங்க சாவி. இந்த வேலையில சம்பந்தமே இல்லாத ரெண்டு பேரை வச்சு எண்ணிப் பாருங்க. எது வந்தாலும் அதையே நான் வீட்டுல போய்ச் சொல்றேன்."

சாவியை மேஜையில் வைத்தாள். பதினோரு வருட வேலையில் இவ்வளவு நிமிர்ந்து அவள் நின்றதில்லை. பொய் சொல்வானேன், அந்த நேரத்திலும் தன்னை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் ஆயிற்று. வேறு மாடியிலிருந்து இரண்டு பேர் வந்து ஆயிரத்து நூற்று நாற்பது படிவத்தையும் ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தார்கள். சின்னவளை அந்த அறைப் பக்கமே விடவில்லை. வீட்டிலோ அக்கா நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மருத்துவமனை கடைசிக் கெடுவாகக் குறித்த திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. திருத்திய முடிவு அக்காவுக்கு எதிராகவே வந்தால் என்ன செய்வது? கொடுத்த வாக்கு வாக்குதான், சொல்லியே ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் தலைமை டாக்டர் கூப்பிட்டார். நூற்று நாற்பத்து மூன்றில் உண்மையாக 09 என்று இருந்தது பன்னிரண்டு பேருக்குத்தான். மீதி நூற்று முப்பத்தொரு பேர் பதில் சொல்லாதவர்கள், அதில் தொண்ணூற்றாறு பேர் நோயாளிகள். அவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டு மடங்கு என்ற பேச்சே இல்லை. குடித்தவர்கள், குடிக்காதவர்கள், வேகமான மரபணு, மெதுவான மரபணு, எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் இந்த நோயோடு தொடர்பு தெரியவில்லை. இதை வைத்துக் குடி நல்லது என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது, வேறு புற்றுநோய்களில் அதன் பங்கு உண்டு என்று எச்சரித்தார் டாக்டர். பிறகு ஒரே உறையில் இரண்டு கடிதம் கொடுத்தார். விதியை மீறியதற்குக் கண்டனம் ஒன்று, மீறியதை ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டு ஒன்று.

"இதை நீங்க மறைச்சிருந்தீங்கன்னா, அத்தனை பேர் முன்னால நான் பொய் சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றார். "மாநாட்டுல இதையும் சேர்த்தே சொல்லப் போறேன். தப்பைக் கண்டுபிடிச்சது யார்னும் சொல்வேன்."

வீட்டுக்கு வந்ததும் சின்னவள் பையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை மேஜையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்பருகே சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் சொன்னது பொய் என்பதிலிருந்து ஆரம்பித்து, தன் ஒன்பதையும், சாவியையும், இரண்டு கடிதத்தையும், எதையும் விடாமல் சொன்னாள். கடைசியில், "எங்க ஆய்வுல குடிப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் தெரியலக்கா. உனக்கு மட்டும் ஏன் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீ தேடிக்கிட்டேன்னு சொல்ல எங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்ல" என்றாள்.

பெரியவள் முதலில் கண்டனக் கடிதத்தைத்தான் கேட்டு வாங்கிப் படித்தாள். படித்து முடித்து மேஜைமேல் தடவித் தடவி நேராக வைத்தாள். "இதைக் கண்ணாடி போட்டு மாட்டணும்டி" என்றாள். "எனக்காக நீ பொய்க் கணக்கு எழுதியிருந்தா நான் உன்னோட பேசியிருக்கவே மாட்டேன். என் தங்கச்சி நீ." ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் கண் வழியாக வெளியே வந்தது. சின்னவளும் அழுதாள். தன் அக்காவை, தன் கையெழுத்தை, தன் வாயை, எல்லாவற்றையும் நினைத்துப் பெருமையாக அழுதாள்.

சூப் தீய்கிற வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அப்ப என்கிட்டயிருந்து வந்ததா?" என்றாள்.

இருவருக்கும் புரியவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகள் இருவரும் சித்தி என்று கொஞ்சம்தான் கண்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் ஏதோ காய்ச்சலில் போய்விட்டாள் என்று கேள்வி. காய்ச்சல் இல்லை. வயிறு வீங்கி, தண்ணீர் எடுத்து எடுத்து, கடைசியில் சினைப்பையில்தான் கட்டி என்றார்கள். சித்தி வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவள் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு அது வந்தது என்று தெரிந்தால் பெண்களுக்கு வரன் வராது என்று அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பெரியவளுக்கும் வந்ததும், குடியாலதான், குடியாலதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லும்வரை அது தன் ரத்தத்தில் இல்லை என்று நம்ப முடிந்தது.

"என் பாரத்தை உன் தலையில தூக்கி வச்சுட்டேன்" என்றாள் அம்மா.

சின்னவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வருடம் அக்காவை வறுத்தெடுத்தது இதற்காகவா? கேட்கவும் வாயெடுத்தாள். பெரியவள் அவள் கையை அழுத்தினாள்.

"உன் ரத்தமாவே இருக்கட்டும்மா" என்றாள் பெரியவள். "அதுல இந்த நோய் மட்டுமா வந்துச்சு? இத்தனை வருஷம் கிரேன்ல ஏறின நெஞ்சழுத்தமும் அதுலதான் வந்துச்சு. இவளும் அந்த ரத்தம்தான். பத்துப் பேர் முன்னால எந்திரிச்சு என் தப்புன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறா பாரு."

"அது என்கிட்டயிருந்து வரல" என்றாள் அம்மா. "நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னவ இல்ல."

அது உண்மை என்பதால் இருவரும் மறுக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சித்திக்கு ஒரு மகள் உண்டு, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் சோதித்துப் பார்க்க வேண்டுமா என்று சின்னவளிடம் கேட்டாள். கட்டாயம் பார்க்க வேண்டும், நானும் ரத்தம் கொடுக்கப் போகிறேன் என்றாள் சின்னவள். சரி, நானே அவளிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றும் சொன்னாள். வேண்டாம் என்று அம்மா தலையாட்டினாள். ஃபோனை எடுத்து, எழுந்து நின்று, எண்ணை அழுத்தினாள்.

"பெரியம்மா பேசுறேன்மா. உங்கம்மா காய்ச்சல்ல போகல. எதனால போனான்னு இத்தனை வருஷமா உன்கிட்ட மறைச்சுட்டேன். தப்பு என்னோடது." மறுமுனையில் சித்தி மகள் ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. அம்மா பெரியவளைத் திரும்பிப் பார்த்தாள். போகிறேன் என்று பெரியவள் தலையசைத்தாள். "பயப்படாதே. திங்கட்கிழமை என் பெரியவளுக்கு ஊசி போடுற நாள். அவ முன்னால போவா, நீ பின்னால வா."